வெப்பத்தை இறைக்கச் சொன்ன கெல்வின் பிரபு

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், நல்லம்பள்ளி)

தெர்மல் லேபில் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வந்ததும் 273-ஐக் கூட்டி, பக்கத்தில் 'கே' என்று ஒரு எழுத்துப் போடுகிறோமே, அந்த எழுத்துக்குச் சொந்தக்காரரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? நானும் யோசித்ததில்லை. எழுதாமல் விட்டால் மார்க் போகும், அவ்வளவுதான் தெரியும். போன வருஷம் மார்கழியில் எங்கள் வீட்டுப் பட்டுப்புழு மனையில் குளிர் புகுந்த பிறகுதான் அந்தப் பெரியவரிடம் போக வேண்டி வந்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவர் கதை.

கெல்வின் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் இல்லை. வில்லியம் தாம்சன் என்பதுதான் சொந்தப் பேர். 1824 ஜூன் 26-ஆம் தேதி அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். அவரைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய அப்பாவைச் சொல்லியாக வேண்டும். ஏன்னா, எனக்கு மகனை விட அப்பாவைத்தான் முதலில் பிடித்தது. ஜேம்ஸ் தாம்சன் ஒரு சின்ன விவசாயி வீட்டுப் பிள்ளை. கணக்கைத் தானாகவே படித்துக் கற்றுக்கொண்டவர். சின்ன வயதிலேயே நிழலை வைத்து மணி பார்க்கும் சூரியக் கடிகாரத்தின் கணக்கைக் கண்டுபிடித்து அவரே ஒன்று செய்தாராம். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே, கல்லூரி நடக்கிற மாதங்களில் கடல் தாண்டி கிளாஸ்கோ போய்ப் படித்துவிட்டு வருவார். நம்மில் பலர் லீவு நாளில் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டுகிறோம், அந்த மாதிரி. அப்படிப் படித்தவர் 1832-இல் அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கே கணிதப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

வில்லியமுக்கு ஆறு வயதாகும்போதே அம்மா இறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு அப்பாவே வாத்தியார். பத்து வயதில் வில்லியம் பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்தான் என்றால் நம்ப முடிகிறதா? பதினைந்து, பதினாறு வயதில் ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர் வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று எழுதிய பெரிய புத்தகத்தை இரண்டே வாரத்தில் படித்து முடித்தான். நமக்குக் கண்டக்‌ஷன் பாடத்தில் வருகிற விதி அந்த ஃபூரியே பேரில்தான் இருக்கிறது. அப்புறம் கேம்பிரிட்ஜ். 1845-இல் அங்கே கணிதத் தேர்வில் இரண்டாம் இடம். முதலிடம் தவறிப்போனது.

இங்கேதான் நம்ம விஷயம் ஆரம்பம். அதே 1845-இல் அவர் பாரீஸ் போய், நீராவியின் குணங்களை அளந்துகொண்டிருந்த ரெக்னோவின் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அப்போது கார்னோ என்பவர் வெப்ப எஞ்சினைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகம் ஒன்றைப் பற்றித் தெரிய வந்தது. அது வெளிவந்தது 1824 ஜூன், அதாவது இவர் பிறந்த அதே மாதம். பாரீஸ் புத்தகக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். கடைக்காரர்களுக்குக் கார்னோவின் அப்பாவையும் தம்பியையும் தெரிந்திருந்தது, இவரைத் தெரியவில்லை! அந்த சாடி கார்னோ 1832-இலேயே காலரா கண்டு, 36 வயதில் செத்துப்போயிருந்தார். புத்தகம் கடைசியில் 1848-இல்தான் வில்லியம் கைக்கு வந்தது. மூன்று வருஷம் ஒரு புத்தகத்துக்காகக் காத்திருந்தவரை நினைத்தால், லைப்ரரியில் இருக்கிற புத்தகத்தையே எடுக்காத எனக்கு வெட்கமாக இருந்தது.

கார்னோ என்ன சொன்னார்? மேலிருந்து கீழே விழுகிற தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரி, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்குகிற வெப்பம் எஞ்சினைச் சுற்றுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதுதான் முக்கியம். அந்த 'உயரம்' இங்கே வெப்பநிலை வித்தியாசம். இன்னொன்றும் சொன்னார்: எஞ்சினைத் தலைகீழாக ஓட்டினால், வேலையைச் செலவு பண்ணி, கீழே இருக்கிற வெப்பத்தை மேலே ஏற்றலாம்.

1846-இல், 22 வயதில், வில்லியம் தாம்சன் கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அந்த நாற்காலியில் 53 வருஷம் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் ஆக்ஸ்போர்டில் ஒரு கூட்டத்தில் ஜூலைப் பார்த்தார். ஜூல் மான்செஸ்டர் பக்கம் பீர் காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளை. தண்ணீரைக் கலக்கிக் கலக்கி அது எவ்வளவு சூடாகிறது என்று அளந்து, வேலைதான் வெப்பமாக மாறுகிறது என்றார். ஆனால் கார்னோ கணக்கில் வெப்பம் குறையவே குறையாது, தண்ணீர் மாதிரி இறங்கி ஓடுவதோடு சரி. இரண்டு பேரும் சரியாக இருக்க முடியுமா? தாம்சன் நாலு வருஷம் இதில் மாட்டிக்கொண்டு தவித்தார். இடையில் 1848-இல் கார்னோவை வைத்து, எந்தப் பாதரசத்தையும் நம்பாத ஒரு புது வெப்பநிலை அளவுகோலைச் சொன்னார். பின்னால் திருத்தப்பட்டு, நம்ம 'கே' ஆனது அதுதான். 1849 ஜனவரியில் அப்பாவும் காலராவில் போய்ச் சேர்ந்தார். 1851-இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. ஜூலும் சரி, கார்னோவும் சரி. எஞ்சினுக்குள் போன வெப்பத்தில் ஒரு பங்கு வேலையாக மாறுகிறது, மீதி கீழே இறங்கியே தீரும். ஜெர்மனியில் கிளாசியஸும் இதே முடிவுக்கு இவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தார். நமக்கு முதல் விதி, இரண்டாம் விதி என்று பிரித்துப் பாடம் எடுக்கிறார்களே, அந்த இரண்டும் சேர்ந்து நின்ற இடம் இது.

இப்போது 1852-க்கு வருவோம். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நடுவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எடின்பரோவில் வானியல் அறிஞராக இருந்த பியாசி ஸ்மித், வெப்ப நாடுகளில் அறையைக் குளிரவைக்க ஒரு யோசனை சொல்லியிருந்தார். காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே விட்டுவிட்டு, காற்றை மறுபடி விரியவிட்டால் ஜில்லென்று ஆகும். நம்ம மெட்ராஸில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? அமெரிக்காவில் குளத்தில் உறைந்த ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி, பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து விற்றார்கள்! அதை வைக்கக் கட்டிய கட்டிடம்தான் 1842-இல் வந்த ஐஸ் ஹவுஸ். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று மெரினா பக்கம் நிற்கிறது.

தாம்சன் அந்த யோசனையைக் கையில் எடுத்து, அதன் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். கட்டிடத்தைக் குளிரவைக்கிற அதே இயந்திரம் சூடாக்கவும் செய்யும், அதுவும் நிலக்கரியை நேராக எரிப்பதை விடச் சிக்கனமாக! கிளாஸ்கோ தத்துவக் கழகத்தில் அந்தக் கட்டுரையைக் கொடுத்தார். அவர் சொன்ன அமைப்பு இது: ஒரு சிலிண்டர் வெளிக்காற்றை உள்ளே இழுத்து விரியவிடும். காற்று வெளியை விடக் குளிர்ந்துவிடும். அது ஒரு இரும்புத் தொட்டிக்குள் போகும். தொட்டியைச் சுற்றி இருக்கிற வெளிக்காற்று அதை விடச் சூடு என்பதால், வெப்பம் தானாக உள்ளே இறங்கும். அடுத்த சிலிண்டர் அந்தக் காற்றை மறுபடி அழுத்தி, சூடேற்றி வீட்டுக்குள் தள்ளும். வெளியே குளிர் என்று நாம் சொல்கிற காற்றிலும் வெப்பம் இருக்கிறது. 10 டிகிரி என்றால் 283 கெல்வின் ஆச்சே! அதை இறைத்து உள்ளே கொட்டலாம் என்பதுதான் சூட்சுமம்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். வெளிக்காற்று 10 டிகிரி, வீட்டுக்குள் விட வேண்டியது 27 டிகிரி. அதாவது 283-லிருந்து 300. ஏற்ற வேண்டிய 'உயரம்' ஆரம்பத்தில் பூஜ்யம், கடைசியில் 17, சராசரி எட்டரை. நடு வெப்பநிலை 292. 292-ஐ எட்டரையால் வகுத்தால் ஏறக்குறைய 35. அதாவது குறையே இல்லாத இயந்திரம் கிடைத்தால், ஒரு பங்கு வேலைக்கு 35 பங்கு வெப்பம் வீட்டுக்குள் வரும்! அன்றைய நல்ல நீராவி எஞ்சின் நிலக்கரி வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். அப்படிப் பார்த்தாலும், அடுப்பில் கொட்டுகிற கரியை எஞ்சினில் கொட்டினால் மூணரை மடங்கு சூடு.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 50 அடியில் தண்ணீர் இருந்தால் சின்ன மோட்டார் போதும், கரண்டும் கம்மி. 800 அடி போரில் இருந்தால் அதே ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு கரண்ட்! தண்ணீரை மோட்டார் உண்டாக்குவதில்லை, தூக்குகிறது. ஹீட் பம்பும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, தூக்குகிறது. உயரம் கம்மியானால் செலவு கம்மி. காயில் ஹீட்டர்தான் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட்தான் வரும், அதற்கு மேல் ஒரு துளி வராது.

அந்த இயந்திரம் அவர் காலத்தில் வீடு சூடாக்கும் வழக்கத்துக்கு வரவில்லை. நிலக்கரி மலிவு, இயந்திரம் விலை, யார் வாங்குவார்? ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்பவர் 1850-களில் உப்பு காய்ச்சுகிற இடத்தில் ஆவியை அழுத்திச் சூட்டைத் திரும்பப் பயன்படுத்திப் பார்த்தார். கட்டிடம் என்று எடுத்தால், சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர மன்றத்துக்கு 1938-இல் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் இறைத்தது பேர் பெற்ற ஒன்று. காகிதத்தில் எழுதியதற்கும் அதற்கும் நடுவே 86 வருஷம்.

அதே 1852-இல் தாம்சனுக்குக் கல்யாணம் ஆனது. மனைவி மார்கரெட் கொஞ்ச நாளிலேயே நோயில் விழுந்தார், 1870-இல் இறக்கும் வரை முழுசாகத் தேறவே இல்லை. அவ்வளவு வேலைக்கு நடுவிலும் அவரைப் பார்த்துக்கொண்டார் என்று படித்தேன். 1874-இல் மறுமணம்.

கடல் தந்திக் கதை எல்லா புத்தகத்திலும் இருக்கும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1858-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட கேபிளில் அதிக வோல்டேஜ் கொடுத்ததால் ஒரு மாதத்துக்குள் செத்துப்போனது. சின்னக் கரண்ட் கொடுத்து, கண்ணாடி ஒட்டிய கால்வனாமீட்டரில் ஒளிப்புள்ளி நகர்வதைப் பார் என்றவர் தாம்சன். கப்பலிலும் தானே போனார். 1866-இல் கேபிள் நின்றது, சர் பட்டம் வந்தது. 1892-இல் பிரபு ஆனபோது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற கெல்வின் என்ற சின்ன ஆற்றின் பேரை வைத்துக்கொண்டார். நம்ம 'கே' ஒரு ஆற்றின் பேர், நண்பர்களே!

பாலிடெக்னிக் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: பழைய கல்லூரிக் கட்டிடத்தில் ஒயின் வைத்திருந்த ஒரு நிலவறையைக் கேட்டு வாங்கி, மாணவர்கள் கையால் சோதனை செய்கிற லேப் ஆக்கினார். பிரிட்டனில் இயற்பியலுக்கு இப்படி ஒன்று அதற்கு முன்னால் கிடையாது. பேராசிரியர் செய்து காட்டுவார், பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாம் இன்றைக்கு ரீடிங் எடுக்கிறோம் என்றால், திட்டிக்கொண்டே எடுத்தாலும், அந்த நிலவறைக்கும் அதில் பங்கு உண்டு.

தப்பே பண்ணாத மனிதரா? இல்லை. பூமி உருகிய நிலையிலிருந்து ஆறி வர எவ்வளவு காலம் என்று ஃபூரியே கணக்கில் போட்டு, 1862-இல் 2 கோடிக்கும் 40 கோடிக்கும் நடுவே ஒரு வயதைச் சொன்னார். பின்னால் அதையும் 2 முதல் 4 கோடி என்று குறைத்துக்கொண்டார். பூமிக்கு வயது 450 கோடிக்கும் மேல் என்று இன்றைக்குத் தெரியும். கணக்கில் தப்பில்லை. உள்ளே பாறை மெதுவாகப் புரண்டு சூட்டை மேலே கொண்டுவருகிறது என்பதையும், கதிரியக்கத்தையும் சேர்க்காத கணக்கு அது. எனக்கு இதில் ஒரு பயம் வந்தது. என் கணக்கிலும் எதையாவது சேர்க்காமல் விட்டிருப்பேனோ?

அது என்ன கணக்கு என்றால், எங்கள் வீட்டுக் கணக்கு. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஏக்கர் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். கூடு தர்மபுரி அங்காடிக்குப் போகும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி வேண்டும். மார்கழி விடியற்காலையில் எங்கள் பக்கம் 16-க்கு இறங்கிவிடுகிறது. குளிரில் புழு இலை தின்னாது, தோல் உரிப்பது தள்ளிப்போகும், கூடு லேசாகும். அதனால் மனைக்குள் கரி மூட்டி வைப்பது வழக்கம். அடைத்த மனைக்குள் கரிப்புகை புழுவுக்கும் ஆகாது, அம்மாவுக்கும் ஆகாது. போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை இலை போடப் போனவர் தலை சுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் 2 கிலோவாட் காயில் ஹீட்டர் வாங்கினோம். சூடும் போதவில்லை, பில்லும் தாங்கவில்லை. டிப்ளமோ படிக்கிறாயே, ஒரு வழி சொல்லு என்று அப்பா கேட்டார். அவர் என்னிடம் படிப்பை வைத்து ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

மனை 20-க்கு 15 அடி, உயரம் 10 அடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளியே 16, உள்ளே 25, வித்தியாசம் 9. புத்தகத்தில் இருக்கிற எண்களை வைத்துப் போட்டேன். கூரை வழியாக சுமார் 1,500 வாட், செங்கல் சுவர் வழியாக சுமார் 1,200, புழுவுக்கு மூச்சுவிட மாற்றுகிற காற்றில் 500. ஆக 3.2 கிலோவாட். 2 கிலோவாட் ஹீட்டர் ஏன் தோற்றது என்று அப்போதுதான் தெரிந்தது. பாதிச் சூடு கூரையிலேயே ஏறிப்போகிறது! ஹீட் பம்ப் எவ்வளவு பெரிசு வாங்கணும் என்பதற்கு முன்னால், எவ்வளவு வெளியே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் போல. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் எதுக்கு? கூரைக்குக் கீழே ஒரு சீலிங் கட்டினால் கூரைச் செலவு பாதியாகி, மொத்தம் 2.4-க்கு வரும்.

அடுத்தது இயந்திரம். சாதாரண ஏசி குளிரவைக்க மட்டும்தான். சூடும் குளிரும் தருகிற ஏசியில் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ரிவர்சிங் வால்வ் இருக்கும், அதுதான் ஹீட் பம்ப். ஒரு டன் என்றால் 3.5 கிலோவாட், எங்களுக்குத் தாராளம். கார்னோ கணக்கில் 298-ஐ 9-ஆல் வகுத்தால் 33 மடங்கு வரணும். நிஜத்தில் 3 மடங்குதான் வைத்துக்கொண்டேன். ஏன் இப்படிச் சரிகிறது? வெளிக்காயில் காற்றை விடக் குளிராக இருந்தால்தான் வெப்பத்தை வாங்கும், உள்காயில் 40-க்கு மேல் இருந்தால்தான் கொடுக்கும். ஆக இயந்திரம் தூக்குகிற உயரம் 9 இல்லை, 35-க்கு மேல். கம்ப்ரசர், ஃபேன் இழப்பு தனி. காஷ்மீர் மாதிரி உறைகிற குளிரில் இதுவும் இறங்கும். நம்ம குளிர் லேசான குளிர் என்பதால் 3 கிடைக்கும்.

விடியற்காலைதான் உச்சம். ராத்திரி சராசரி 2 கிலோவாட் என்று வைத்தால், 10 மணி நேரத்துக்குக் காயிலில் 20 யூனிட், ஹீட் பம்பில் 7 யூனிட். மேட்டூர் மாதிரி அனல் நிலையத்தில் கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது. காயில் ஹீட்டரில் அந்த ஒரு பங்கோடு முடிந்தது. ஹீட் பம்ப் விட்டுப்போன இரண்டு பங்கையும் வெளிக்காற்றிலிருந்து ஈடுகட்டுகிறது. மிச்சம் 13 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் நாளுக்கு 104 ரூபாய். ஒரு அறுவடைக்கு 20 நாள், குளிர் காலத்தில் இரண்டு அறுவடை, வருஷத்துக்கு நாலாயிரம் சொச்சம். கடையில் விசாரித்தால் 40 ஆயிரத்தைத் தாண்டுகிறது. பத்து வருஷம்! அப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அவர்தான் கேட்டார், சித்திரையிலும் இது ஓடுமா என்று. வெயிலில் மனை 35-ஐத் தாண்டினால் புழு நோய் கண்டு சாகும், அந்த அறுவடையையே நாங்கள் பல வருஷம் விட்டுவிடுகிறோம். நான் சேர்க்காமல் விட்டது அதைத்தான். தாம்சன் 1852 கட்டுரையின் தலைப்பிலேயே சூடாக்குவதும் குளிரவைப்பதும் சேர்ந்துதான் இருந்தது. நான் பாதியை மட்டும் படித்திருக்கிறேன். ஆனால் சித்திரைக்கு வித்தியாசமும் அதிகம், கூரை மேல் வெயிலும் அதிகம். ஒரு டன் போதுமா என்ற கணக்கை இன்னும் முடிக்கவில்லை. முடித்த பிறகுதான் பணம் போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

கெல்வின் பிரபு 1899-இல் ஓய்வு பெற்றார். அப்போது 75 வயது. பேராசிரியர் வேலை முடிந்ததும், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பேர் பதிந்துகொண்டார். 600-க்கும் மேல் கட்டுரைகள், 70 காப்புரிமைகள். 1907 டிசம்பர் 17-ஆம் தேதி லார்க்ஸ் என்ற கடற்கரை ஊரில் தன் வீட்டில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டன் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். அவர் போனது டிசம்பர் குளிரில், நம்ம கணக்கில் மார்கழி பிறந்த கையோடு.

இந்த மார்கழிக்கு முன்னால் சீலிங் மட்டும் கட்டினோம். மூங்கில் தட்டி, அதுக்கு மேல் வைக்கோல், கீழே வெள்ளைத் தார்ப்பாய். நானும் அப்பாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கட்டினோம். சூட்டில் காற்று காய்ந்துவிடாமல் இருக்க அம்மா ஈரச் சாக்கு தொங்கவிட்டிருக்கிறார். கரிச்சட்டி இப்போது மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அன்றைக்கு விடிகாலை 5 மணிக்கு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வெளியே 17, உள்ளே 24. பழைய 2 கிலோவாட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புழுக்கள் இலை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி கேட்டது.